நாலாவதாக நின்றவர்

அந்தப் பெண் போன் செய்தபோது நான் அவளுடைய அப்பாவைத்தான் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்று செய்வேனா? எனக்கு எப்படித் தெரியும்? பத்து பெரண்டாமில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு பழைய கல்யாணப் போட்டோவை வைத்து, ஓரத்தில் நின்ற வேண்டாத ஆளைக் கால் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே மேலே வந்தேன். கத்தரிக்கோல் அவர் தோள்பட்டைக்கு வந்த நேரம் கைப்பேசி அடித்தது. தெரியாத நம்பர். இன்சூரன்ஸ் விற்கிற கூட்டமாக இருக்கும் என்று, அவர்களுக்கென்றே வைத்திருக்கும் குரலில் "யாரு?" என்றேன்.

"அக்கா, வணக்கங்க்கா. கோவிச்சுக்காதீங்க. நீங்க புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்துப் பழைய போட்டோவெல்லாம் சேர்க்கிறீங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல பார்த்தேன். நானும் அந்தத் தோட்டத்துப் புள்ளதான்."

குரலை இறக்கி, "சொல்லும்மா" என்றேன்.

"எங்கப்பா படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்லக்கா. எனக்கு ரெண்டு வயசு முடியறதுக்குள்ள ஏதோ காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு, அப்படியே போயிட்டாரு. படம் போட்ட ஐசி அட்டையைக்கூட அப்பவே ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சு. இப்ப அம்மாவும் இல்ல. வர்ற மாசம் என் மகனுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி வீட்ல முன்னோருக்குப் படையல் போடணும் இல்லையா? மத்தவங்களுக்கெல்லாம் படம் இருக்கு. அப்பாவுக்கு மட்டும் இத்தனை வருஷமா ஒரு சொம்புத் தண்ணிதான். என் மகன் சின்னதுல கேட்டான், 'தாத்தா ஏம்மா சொம்பா இருக்காரு'ன்னு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்தக் காலத்தில் நன்றாகப் பேசுகிற பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம், பிடித்துப் போயிற்று.

"அப்பா என்ன வேலைம்மா செஞ்சாரு?"

"ரப்பர் தோட்டத்துல பால்மரம்தான் வெட்டினாரு. ஆனா கல்யாணம் காட்சின்னா மைக்செட் கட்டுவாரு. எந்நேரமும் தோள்ல வயரும் பாக்கெட்ல ஸ்க்ரூ டிரைவருமா திரிவாருன்னு அம்மா சொல்லும்."

மேசையைப் பார்த்தேன். பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தவரின் தோளில் வயர் சுருள். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர்.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று போனை வைத்தேன். வைத்துவிட்டுக் குப்பைத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். தொட்டி சுத்தமாக இருந்தது. குப்பை லாரி காலையிலேயே வந்து போய்விட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். போட்டோவில் நாங்கள் மூன்று பேராக நிற்க மாட்டோம். நின்றால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. யார் சொன்னது, இதுவரைக்கும் எத்தனை நடு ஆள் போய்ச் சேர்ந்தார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் வாயில் அடி விழும். கல்யாண மாப்பிள்ளை, பெண், பெண்ணின் அக்கா என்று மூன்று பேர் மேடையில் நின்றுவிட்டால் போதும், கூட்டத்திலிருந்து நாலு பேர் "ஐயையோ, மூணு, மூணு!" என்று பாம்பைப் பார்த்தது போல் கத்துவார்கள். உடனே நாலாவதாக ஓர் ஆளைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்த வேண்டும்.

டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த பாய்தான் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் படம் எடுக்க வருவார். அவருக்கு இந்தக் கூத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "என் வீட்டுல மூணு மூணா நிக்க வெச்சு ஒரு செவுரு பூரா படம் மாட்டியிருக்கேன், எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்லா! நில்லுங்க பேசாம!" என்று சத்தம் போடுவார். யார் கேட்டார்கள்? நாலாவது ஆள் வரும்வரைக்கும் மணமக்கள் முகத்தில் சிரிப்பு வராது.

நாலாவது ஆளுக்கு எங்கே போவது? சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தியில் இருப்பார்கள், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு எங்காவது நிற்பார்கள். எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் ஒருவர்தான். ரம்புத்தான் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டிருக்கும் மைக்செட்டண்ணன். "மைக்செட்டண்ணே, ஓடியாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால் இறங்கி ஓடிவருவார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். படம் எடுத்ததும் மறுபடி மரத்துக்குப் போய்விடுவார். எங்களுக்குச் சொந்தமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் படத்தை எடுத்தாலும் ஓரத்தில் அந்த மனிதர் நிற்பார்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது சுங்கை ஊடாங்கில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்யும் என் தம்பி வீட்டில். தம்பி மகள் ஒரு பழைய படத்தைக் காட்டி, "அத்தை, இது யாரு?" என்று கேட்டாள். நான் ஒரு பெயர் சொன்னேன், தம்பி ஒரு பெயர் சொன்னான், தம்பி பெண்டாட்டி மூன்றாவதாக ஒரு பெயர் சொன்னாள். விசாரித்துப் பார்த்தால் படத்தில் இருந்தது எங்கள் சொந்த அத்தை. வெட்கக்கேடு! அன்றைக்கே சபதம் போட்டேன், எல்லாருடைய படத்தையும் கதையையும் சேர்த்துப் புத்தகமாக்காமல் விடுவதில்லை என்று. மூத்தவள் நான். அதிகாரம் பண்ணுவது எனக்குப் பிறவிக் குணம். எங்கள் வீட்டுக்காரர் "நல்ல காரியம்" என்றார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார். நாற்பது வருஷ அனுபவம்.

படம் சேர்ப்பதென்றால் லேசா? எங்கள் ஆட்கள் போட்டோவை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பிஸ்கட் டின்னில். அதே டின்னில் தையல் நூல், காலாவதியான காய்ச்சல் மாத்திரை, உடைந்த ஜெபமாலைபோல் ஒரு பாசிமாலை, எந்தப் பூட்டுக்கும் சேராத எட்டுச் சாவி. ஒரு மாமா தன் வரலாற்றைச் சொல்லக் கூப்பிட்டு மூன்று மணி நேரம் பேசினார். பேசியது முழுக்க, முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பஸ் கண்டக்டரோடு நடந்த சண்டை. நடுவில் எப்போது கல்யாணம் ஆயிற்று என்று கேட்டதற்கு, "அது கெடக்கு, அப்புறம் அவன் என்ன சொன்னான் தெரியுமா?" என்று தொடர்ந்தார். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பெல்பாட்டம் போட்ட படங்களையெல்லாம் ஒளித்துவைத்துக்கொண்டு, தான் இளைஞனாக இருந்ததே இல்லை என்று சாதித்தார்.

புலாவ் செபாங்கில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் என் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, எல்லாருக்கும் மேலே. அவளுக்கும் எனக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். சின்ன வயதிலிருந்தே ஆகாது. "புத்தகத்துல மொதப் பக்கம் என் கல்யாணப் படம்தான் வரணும். தோட்டத்திலேயே மொதல் கலர் போட்டோ என்னதுதான்" என்றாள். நான் விடுவேனா? "இது அப்பா வழிக் குடும்பப் புத்தகம் சின்னம்மா. அம்மா வழியெல்லாம் பின்னிணைப்புல வரும்" என்றேன். அவள், "நீ எங்கிட்ட இருந்து ஒரு போட்டோகூட வாங்க முடியாது. உன் கையில குடுத்தா நாசம் பண்ணிடுவே" என்று போனை வைத்தாள். நாலு மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

எனக்கு அவ்வளவு கோபம். நாசமா? நானா? பேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் க்யூசி வேலை பார்த்தவள் நான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, எறும்புக் கால் அளவு கீறல் இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று தூக்கிப் போட்ட கை இது. வரலாற்றையும் அப்படித்தான் செய்தேன். குடும்பத்து ஆள் என்றால் பாஸ். இல்லையென்றால் ரிஜெக்ட். மைக்செட்டண்ணன் பதினோரு படத்தில் ரிஜெக்ட் ஆனார்.

"பாவம்லா, இத்தனை வருஷம் நின்னுட்டாரு, நிக்கட்டுமே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"குடும்பப் புத்தகத்துல மைக்செட்டுக்காரர் எதுக்குங்க? நாளைக்கு யாராவது பாத்துட்டு மாமாவான்னு கேப்பாங்க."

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு அதுல வெட்டலாம்னு தம்பி மக சொன்னாளே."

"கையில கத்தரிக்கோல் இருக்கும்போது கம்ப்யூட்டர் எதுக்கு?"

"நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இப்போது தொட்டியில் ஒன்றும் இல்லை. பதினோரு தடவை அந்த மனிதரை வெட்டி, மீன் செதிலோடும் வெங்காயச் சருகோடும் சேர்த்துக் கட்டி லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். மிச்சம் மேசையில் இருந்த பன்னிரண்டாவது படம் ஒன்றுதான். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். அதில் அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. மைக்செட் என்ன ஆயிற்றோ, தலையை மட்டும் பின்னால் திருப்பி ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தது ஒரு காதும் பின்னந்தலையும். சொம்புக்குப் பதிலாகப் பின்னந்தலையையா கொடுக்க முடியும்?

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். ஐம்பது வருஷம் அப்பா முகம் தெரியாமல் வளர்ந்திருக்கிறாள். நான் ஒரு வாரத்தில் பதினோரு முகத்தைக் குப்பையில் போட்டிருக்கிறேன். வெட்கம், பயம், என் மேலேயே எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தது. எரிச்சல் வந்தால் நான் யாரையாவது திட்டியாக வேண்டும். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க ஏங்க அன்னைக்கு என்னைத் தடுக்கல?" என்று சத்தம் போட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாளிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன். என்னிடம் வந்த படங்களுக்கு அவர்களிடம் இன்னொரு பிரதி இருக்கும் அல்லவா? இருந்தது. ஆனால் அங்கேயும் அந்த மனிதரை யாரும் சும்மா விட்டுவைக்கவில்லை. தம்பி வீட்டுப் படத்தில் அவன் பிள்ளைகள் சின்ன வயதில் பால்பாயின்ட் பேனாவால் அவருக்குத் தாடி, கண்ணாடி, இரண்டு கொம்பு எல்லாம் வரைந்து வைத்திருந்தார்கள். மாசாய் பக்கம் போய்விட்ட ஒன்றுவிட்ட அக்கா மகள் அவர் முகத்தின் மேல் ரோஜாப்பூ ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள். உரித்தாளாம், முகமும் சேர்ந்து வந்துவிட்டதாம். பெல்பாட்டம் அண்ணன், "அந்த ஆளா? ஆல்பத்துல எடம் பத்தலன்னு அப்பவே ஓரத்தைக் கிழிச்சிட்டேனே" என்றார். எங்கள் குடும்பத்தில் புத்தி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஓடியிருக்கிறது.

தம்பி மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கத்தினாள். "அத்தை! ஒரிஜினலையா வெட்டினீங்க? ஸ்கேன் பண்ணிட்டு வெட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!" இருபது வயதுக் குட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தச் செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் எனக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டது.

இடையில் அந்தப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவள் நான் முன்பு வேலை பார்த்த பேக்டரிக்கு இரண்டு கேட் தள்ளி ஒரு கேன்டீனில் சமைக்கிறாள். "அவசரமில்லக்கா. கெடைச்சா பாருங்க, இல்லன்னா பரவால்ல, பழகிப்போச்சு" என்பாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மிச்சம் ஒரே ஒரு வீடுதான். போனை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் சின்னம்மாவைக் கூப்பிட்டேன்.

"யாரு?" என்றாள். இன்சூரன்ஸ்காரர்களுக்கு நான் வைத்திருக்கும் அதே குரல். குடும்பக் குரல்தான்.

"நான்தான் சின்னம்மா. பசியாறிட்டீங்களா?"

"நாலு மாசத்துக்கு முன்னாடி பசியாறினேன். என்னா விசயம்?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. வெட்டியதைச் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. அது சந்தோஷப் பெருமூச்சு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"என் கல்யாணப் படத்துல அந்த ஆளு இருக்கான்" என்றாள் கடைசியில். "நான், உங்க சின்னப்பா, உங்கம்மா, மூணு பேரு. நாலாவதா அவனத்தான் கூப்பிட்டாங்க. ஆனா ப்ரேம் போடறப்ப அந்தப் பக்கத்தை மடிச்சு உள்ள விட்டுட்டேன். அதுல ஒரு அசிங்கம் இருக்கு."

"என்ன அசிங்கம்?"

"அதெல்லாம் போன்ல சொல்ல முடியாது. அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேர்ல வா. புத்தகத்துல மொதப் பக்கம் யாருது?"

"உங்களுதுதான் சின்னம்மா."

"பின்னிணைப்பு?"

"இல்லவே இல்ல சின்னம்மா."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் காடியில் மூன்று பேரும் கிளம்பினோம். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டினார், அந்தப் பெண் பின்னால் உட்கார்ந்தாள். குட்டையாக, நெற்றியில் வியர்வையோடு, மடியில் ஒரு டப்பா முறுக்கோடு வந்திருந்தாள். போகும் வழியில் செம்பனைத் தோப்புகளைக் காட்டி, "இங்கெல்லாம் அப்ப பால்மரமா இருந்துச்சாமே அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அலோர் காஜா வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். முடியவில்லை. "அங்க ஒரு படம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.

சின்னம்மா வாசலிலேயே காத்திருந்தாள். நல்ல புடவை, காதில் தோடு. அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "வாம்மா, உக்காரு. முறுக்கு நீ சுட்டதா?" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு, அதே மூச்சில், "உங்கப்பா படத்தையெல்லாம் இவ கத்தரிக்கோலால வெட்டிக் குப்பையில போட்டுட்டாளாமே, சொன்னாளா?" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நான் வேணும்னு செய்யலம்மா" என்றேன். "யாருன்னு தெரியாம செஞ்சிட்டேன். தப்புதான். பெரிய தப்பு."

அவள் என்னையே பார்த்தாள். "எத்தனை படம்க்கா?"

"பதினொண்ணு."

"பதினோரு படத்துல எங்கப்பா இருந்தாரா?"

"ஆமாம்மா."

"பதினொண்ணா!" என்றாள் மறுபடி. கண் நிறைந்துவிட்டது. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. "ஒண்ணுலகூட இருந்திருக்க மாட்டாருன்னுல்லக்கா நான் நெனச்சேன். அவரை யாருக்கா போட்டோ எடுக்கப் போறாங்கன்னு. பதினொண்ணு!" சின்னம்மா பக்கம் திரும்பி, "கேட்டீங்களா பெரியம்மா, பதினொண்ணாம்" என்றாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை சீக்கிரம் வராது. அன்றைக்கு வந்தது.

"சரி சரி, அழுதது போதும், ப்ரேமை எறக்குங்க" என்றாள் சின்னம்மா.

சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தக் கல்யாணப் படம் தொங்கியது. நேர் எதிரே ஜன்னல். இத்தனை வருஷ வெயிலில் எல்லாரும் வெளுத்துப்போயிருந்தார்கள். சின்னம்மாவின் அரக்குப் புடவை இளஞ்சிவப்பாகிவிட்டது. சின்னப்பாவுக்கு மீசை இருந்த இடத்தில் ஒரு நிழல்தான். என் அம்மா பேருக்குத்தான் இருந்தாள், கண்ணும் மூக்கும் அடையாளம் தெரியவில்லை. தோட்டத்தின் முதல் கலர் போட்டோவில் கலர் என்று ஒன்றும் மிச்சம் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் வெண்ணெய் தடவும் கத்தியால் பின்பக்கத்து ஆணிகளைத் தூக்கினார். துரு உதிர்ந்தது. சின்னம்மா பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, என் புருசன் இருக்காரு உள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அட்டையை எடுத்ததும் படத்தின் மடிப்பு தெரிந்தது. மடிப்பைச் சின்னம்மாவே தன் விரலால் பிரித்தாள். மடிப்பு நெடுகக் கலர் வெடித்துக் கோடாகிவிட்டிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டி இருந்ததைப் பார்க்க நாலு பேரும் கிட்டே நெருங்கினோம்.

வெயிலே படாத பக்கம் அது. அந்த மனிதர் நேற்று எடுத்த படம்போல் நின்றார். நீலச் சட்டை நீலமாகவே இருந்தது. கறுத்த ஒல்லியான முகம், நெற்றியில் வியர்வை, தோளில் சிவப்பு வயர். கேமராவை நேராகப் பார்த்து, மேல் பல் ஒன்று தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது கையில், இடுப்பில் ஒரு பெண்குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார். ஒன்றரை வயதிருக்கும். தலையில் ரிப்பன், கழுத்தில் மணி, மூக்கில் சளி. இடுப்புக்குக் கீழே ஒரு துணி இல்லை.

"பாத்தியா அந்த அசிங்கத்தை?" என்றாள் சின்னம்மா. "கல்யாணப் படம்! தோட்டத்திலேயே மொதல் கலர் போட்டோ! அதுல ஒரு புள்ள அம்மணமா நின்னா எப்படி இருக்கும்? அவன் பொண்டாட்டி அன்னைக்குக் கூட்டாளிகளோட சேர்ந்து எங்களுக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. புள்ளைய இவன்கிட்ட குடுத்துட்டா. கீழ எறக்கி விட்டுட்டு வாயான்னா, எறக்குனா அழுவும்னு அப்படியே வந்து நின்னுட்டான். பாய் வேற, 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ன்னு எடுத்துட்டாரு. எனக்கு அவ்வளவு ஆத்திரம். ப்ரேம் கடைக்காரன்கிட்ட மடிடான்னேன்."

அந்தப் பெண் படத்தைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் இருந்ததைக் குனிந்து பார்த்தாள். விரலைக் குழந்தையின் கிட்டே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"அவருக்கு எத்தனை புள்ள பெரியம்மா?"

"ஒண்ணுதான். இது ஒண்ணுதான்."

"அப்ப இது நானா?"

"பின்ன யாரு, நானா?" என்றாள் சின்னம்மா. சொல்லிவிட்டு அவள் குரலும் உடைந்துவிட்டது. "நீதான்டி. அப்பவும் இதே மூக்குதான்."

அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். சின்னம்மா சமையலறைக்குப் போய்க் கோப்பி கலக்கினாள். நான் கப்புகளை எடுத்துக் கொடுத்தேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றோம். "சீனி கம்மி பண்ணுங்க, உங்களுக்குச் சர்க்கரை" என்றேன். "உன் வேலையைப் பாரு" என்றாள். சமாதானம் ஆகிவிட்டது.

தம்பி மகள் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தாள். இந்தத் தடவை நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை, அது இருந்த இழுப்பறைப் பக்கம்கூடப் போகவில்லை. அப்பாவும் பிள்ளையும் இருக்கும் பாதியை மட்டும் பெரிதாகப் போட்டுத் தரலாம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "ஆன்டி, ஆப்ல ஒரு கவுன் போட்டு விட்டுரட்டா? தெரியவே தெரியாது. இல்லன்னா பேபியை எடுத்துட்டு அங்கிள் மட்டும் தனியா வர்ற மாதிரி பண்ணலாம். படையலுக்குத்தானே?"

"எடுக்காதம்மா" என்றாள் அந்தப் பெண். "கவுனும் வேணாம். எங்கப்பா எப்படித் தூக்கினாரோ அப்படியே இருக்கட்டும்."

படையலன்று காலையில் நாங்களும் போயிருந்தோம். சின்னம்மாவை யாரும் அழைக்கவில்லை, அவளாகவே எங்கள் காடியில் ஏறிக்கொண்டாள். வாழை இலை போட்டு, வேட்டி சேலை வைத்து, மற்ற எல்லாப் படத்துக்கும் மாலை போட்டாயிற்று. மைக்செட்டண்ணன் படத்துக்கு மாலை போடப் போனபோது அந்தப் பெண்ணின் மாமனார் வழிப் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துவிட்டார். "இருங்க, இருங்க. உயிரோட இருக்கிற ஆளும் இதுல இருக்குதே. உசுரோட இருக்கிறவங்களுக்கு மாலை போடலாமா? நல்ல காரியம் நடக்கிற வீடு."

எல்லாருக்கும் முகம் மாறியது. அவர் சொல்வதும் நியாயம்தான், நாங்களே இதைச் சொல்லிச் சண்டை போடுகிற ஆட்கள்தான். அந்தப் பெண் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பிள்ளையை எடுத்துவிடலாம் என்று தம்பி மகள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். படத்தைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி அந்தச் சொம்பை எடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"மாலை எதுக்கு?" என்றாள் சின்னம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குங்குமத்தை மோதிர விரலில் தொட்டு, அந்த மனிதருடைய நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். கண்ணாடியில் குழந்தையின் பக்கம் ஒரு துளிகூடப் படவில்லை. "பொட்டு யாருக்கு வெச்சிருக்கோ படையல் அவருக்கு. புள்ள சும்மா கூட வந்திருக்கு. போதுமா?" என்று அந்தப் பெரியவரைப் பார்த்தாள். என் சின்னம்மாவை எதிர்த்துப் பேச அவருக்கு என்ன தலையெழுத்து? தலையாட்டிவிட்டார். கற்பூரம் காட்டினார்கள்.

பிறகு பந்தி. வந்தவர்கள் எல்லாரும் படையலைக் கும்பிட்டுவிட்டு, ஒருவர் பாக்கியில்லாமல் அந்தப் படத்துக்குக் கிட்டே குனிந்து, "யாரு இந்த அம்மணக் குட்டி?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் பரிமாறிக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் கரண்டியை வாளியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "நான்தான். எங்கப்பா தூக்கி வெச்சிருக்காரு" என்றாள்.